வாசலில் வந்து மணி அடிக்கட்டும்

உலகத்தை மாற்றியவர்கள் ஓய்வு பெறுவதில்லை. ஆறுகளைத் தடுத்து நிறுத்தியவர்கள், மலையைக் குடைந்து பாதை போட்டவர்கள், இருட்டில் கிடந்த ஊர்களுக்கு வெளிச்சம் கொண்டு போனவர்கள் எல்லோரையும் ஒரு கேடயத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று அரசாங்கங்கள் நினைக்கின்றன. உடம்பு வேண்டுமானால் வீட்டுக்குப் போகும். மூளை போகாது. அது விழித்திருக்கும், மனிதகுலத்தின் அடுத்த தேவை என்ன என்று தேடிக்கொண்டே இருக்கும்.

அப்படிப்பட்ட மூன்று மூளைகள் அன்று காலை ஓர் இஸ்திரிப் பெட்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தன.

"சூடாகலைன்னு சொன்னாங்களா, சூடு பத்தலைன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார் புரொபசர்.

"ரெண்டும் ஒண்ணுதானேடா," என்றார் வோல்டேஜ்.

"எப்படி ஒண்ணாகும்? சூடாகலைன்னா மின்சாரம் வரலை. சூடு பத்தலைன்னா வெப்பம் கடத்தறதுல சிக்கல். அடிப்படையே வேற."

"முதல்ல கழட்டுங்கடா. அப்புறம் பேசலாம்," என்று முடிவு சொன்னார் தலைவர்.

அந்த மையத்துக்கு வந்த எந்தப் பொருளும் கழற்றப்படாமல் திரும்பிப் போனதில்லை.

போன வாரம் இந்தப் பக்கத்தைத் தவறவிட்டவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மூவரும் ஒரே பொறியியல் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வோல்டேஜ் மின்வாரியத்தில் இருந்தவர். பேச்சு திடீரென்று ஏறும், திடீரென்று இறங்கும் என்பதால் கல்லூரியிலேயே வந்த பெயர். புரொபசர் படித்த கல்லூரியிலேயே பாடம் நடத்தப் புகுந்து, அங்கேயே நரைத்து வெளியே வந்தவர். தலைவர் அனல் மின் நிலையத்தின் தலைமைப் பொறியாளராக இருந்தவர். வகுப்பில் அவர் பெயர் பாய்லர்.

ஓய்வு பெற்றவர்களின் உலகம் தனி உலகம். அந்த வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு 'என்றும் இளமை' என்று பெயர். அதில் ஒருவர் தினமும் தான் வளர்த்த ரோஜாவைப் போடுவார். எல்லா நாளும் அதே ரோஜாதான், கோணம் மட்டும் மாறும். இன்னொருவர் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாவது அத்தியாயத்தில்தான் பிறந்தார். ஒருவர் புல்லாங்குழல் கற்றுக்கொண்டு வாசித்துப் பதிவுசெய்து அனுப்புவார். அதைக் கேட்காமலே பாராட்டுவதில் வகுப்பே தேர்ந்திருந்தது.

இந்தப் பந்தயத்தில் பின்தங்கிவிடக் கூடாது என்றுதான் தலைவர் தன் கார் ஷெட்டில், சென்ற வருடம், 'இலவசப் பழுதுபார்ப்பு, ஆலோசனை மற்றும் மறுசீரமைப்பு மையம்' தொடங்கினார். அவர் தலைவர், வோல்டேஜ் செயலாளர், புரொபசர் தொழில்நுட்ப இயக்குநர். சாதாரண உறுப்பினர் யாரும் இல்லை.

முதல் வேலையாகத் தலைவர் வீட்டு முன்வாசல் அழைப்பு மணியைச் சீர்செய்தார்கள். மேசைமேல் வைத்துச் சோதித்தபோது அது குயில் மாதிரி கூவியது. படம் எடுத்துக் குழுவில் போட்டார்கள். ரோஜாவுக்குக்கூட அத்தனை கட்டைவிரல் விழுந்ததில்லை.

அதற்குப் பிறகு வேலைக்குத் தட்டுப்பாடே வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டவர் தலைவரின் மனைவி. தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்து, யாரை யாரோடு இணைக்க வேண்டும் என்பதில் பழுத்தவர். கணவர் ஓய்வு பெற்ற புதிதில் சமையலறைக்குள் வந்து, பாத்திரங்களை உயர வரிசைப்படி அடுக்கியிருந்தார். மைய யோசனை வந்ததும் முதலில் ஆதரித்தது மனைவிதான். தினமும் யாராவது ஒரு சிநேகிதிக்குப் போன் போகும்.

"உன் வீட்டுல ஓடிட்டிருக்கிற ஃபேன் ஏதாவது இருக்கா? இருந்தா ஒரு திருகைத் தளர்த்திட்டு எடுத்துட்டு வா. முன்வாசல் வழியா வேண்டாம், கூடமெல்லாம் அழுக்காகும். சந்துப் பக்கத்துக் கேட் வழியா நேரா ஷெட்டுக்கே போயிடு."

ஒரு வருடமாக அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சந்துப் பக்கத்துக் கேட் வழியாகத்தான் வந்து போனார்கள். அன்றைய இஸ்திரிப் பெட்டி அடுத்த தெரு தையல்காரம்மாவினுடையது. அதுவும் நன்றாகச் சூடாகிக்கொண்டிருந்த பெட்டிதான்.

ஆனால் அன்றைக்கு யாருக்கும் இஸ்திரிப் பெட்டியில் மனம் இல்லை. அன்றைக்குத்தான் ஒட்டகம் வருவதாக இருந்தது.

*

காலைச் சாப்பாட்டு மேசையிலேயே அது தொடங்கிவிட்டது.

"அப்பா, மாமா வந்தா கொஞ்சம் மெதுவா பேசுங்க," என்றாள் மகள். அவள் பிசியோதெரபிஸ்ட், மடங்காத முழங்கால்களை மடக்கிவைப்பது தொழில். மடங்காத அப்பாவை மடக்கத்தான் அவளுக்கு இத்தனை மாதம் பிடித்தது.

"இன்னும் மாமா ஆகலை. இப்போதைக்கு அங்கிள்னு சொல்லு."

"சரி, அங்கிள் வந்தா."

"வந்தான்னா பார்க்கலாம்."

"வர்றேன்னு சொல்லிட்டாரேங்க," என்றார் மனைவி. "பதினோரு மணின்னு நேரமும் சொல்லியாச்சு. அவர் சொன்னா சொன்னதுதான்."

"அவன் என்ன சொல்வான்னு எனக்குத் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன்னாடி மேடை ஏறிச் சொன்னானே, கேட்டோமே."

ஒட்டகம், தலைவரோடு கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர். நீண்ட கழுத்து, அதனால் அந்தப் பெயர். ரயில்வேயில் சிக்னல் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இருவரும் பிரியாமல் இருந்தார்கள், தலைவரின் பிரிவுபசார விழா வரைக்கும். நீராவியைப் பற்றித் தனக்கிருந்த அறிவைப் பாராட்டி ஆசிரியர்களே வைத்த பட்டம்தான் பாய்லர் என்று, தன்னிடம் வேலை பார்த்தவர்களிடம் தலைவர் காலமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். வாழ்த்த வந்த ஒட்டகம் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, விடுதியில் வெந்நீர் போடத் தலைவர் சொந்தமாக ஒரு பாய்லர் செய்த கதையைச் சொன்னார். தண்ணீர் கொதிக்கவில்லை, குளியலறைக் கூரைதான் கிளம்பிப் போனது. அரங்கமே சிரித்தது. அதிகம் சிரித்தவர்கள் மறுநாள் முதல் தலைவருக்குப் பயப்பட வேண்டியதில்லாதவர்கள்.

அன்றோடு பேச்சு நின்றது. 'என்றும் இளமை' குழுவில் யார் என்ன போட்டாலும் ஒட்டகம் கட்டைவிரல் போடுவார். ரோஜாவுக்கு, புல்லாங்குழலுக்கு, இரங்கல் செய்திக்குக்கூடப் போட்டிருக்கிறார். தலைவர் போடுவதற்கு மட்டும் போட்டதில்லை.

இதற்கு நடுவில், ஒரு கனமான நாயைத் தூக்கி மேசையில் வைக்கப்போய் முதுகைப் பிடித்துக்கொண்ட ஒரு கால்நடை மருத்துவர், சிகிச்சைக்கு மகளிடம் வந்தார். முதுகு சரியான பிறகும் வந்துகொண்டிருந்தார். அவர் ஒட்டகத்தின் பிள்ளை; விஷயம் இரண்டு அப்பாக்களுக்கும் தெரியவந்தபோது திரும்பிப் போகிற கட்டம் தாண்டியிருந்தது.

தலைவர் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. அதை இன்றைக்கும் மேசையில் ஒருமுறை படித்துக் காட்டினார்.

"நானா அவனைத் தேடிப் போக மாட்டேன். போன் பண்ண மாட்டேன். சந்துப் பக்கமா, பழைய ஃபேனைத் தூக்கிட்டு வர்றவன் மாதிரி அவன் வரக் கூடாது. முன்வாசல்ல வந்து நிக்கணும். மணி அடிக்கணும். நாம திறக்கிற வரைக்கும் காத்திருக்கணும். அப்புறம் உள்ள வரட்டும். எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிடறேன்."

"மனுஷன் வர்றதுக்குள்ள இத்தனை சட்டமா?" என்றார் மனைவி.

"மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல."

"கூரை போன அன்னைக்கே போயிருக்கணும் அது."

மகள் சிரிப்பை டம்ளருக்குள் மறைத்துக்கொண்டாள். தலைவர் கேட்காதவர் மாதிரி எழுந்தார். எழுந்தபோதுதான் இருவரும் கவனித்தார்கள்: பட்டறை அங்கிக்கு உள்ளே புதுச் சட்டை போட்டிருந்தார்.

"இன்னொண்ணு," என்றார் கதவருகில் நின்று. "யாரும் ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கக் கூடாது. திரையை இழுத்துவிட்டுடு. நாம ஏங்கிட்டு உக்காந்திருக்கோம்னு நினைச்சுக்குவான்."

மகள் பையை மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியே கிளம்பினாள். அவளிடம் தனிச் சாவி உண்டு. "அம்மா, மாமா வந்தவுடனே எனக்கு ஒரு மிஸ்டு கால்," என்றாள்.

"அங்கிள்," என்று திருத்தினார் அம்மா, அப்பாவின் குரலில்.

*

பதினோரு மணி நெருங்கியபோது ஷெட்டில் தலைவர் கையை உயர்த்தினார்.

"டிரில்லை நிறுத்து."

"இந்த ஒரு ஓட்டையை மட்டும்..."

"நிறுத்துடா. மணிச் சத்தம் கேக்கணும்."

வோல்டேஜ் நிறுத்தினார். இஸ்திரிப் பெட்டி இதற்குள் பதினைந்து இருபது துண்டுகளாகச் செய்தித்தாள் மேல் கிடந்தது. அதைத் தாண்டி, சுவர் ஓரமாக, ஓர் உயரமான ஸ்டூல் நின்றது. மற்ற ஸ்டூல்களைவிட ஒரு முழம் உயரம். தலைவர் அதைப் பத்து நாளாகத் தானே அறுத்து, இழைத்து, வார்னிஷ் பூசியிருந்தார். அந்த ஒரு வருடத்தில் மையம் உருப்படியாகச் செய்த ஒரே பொருள் என்று அதைச் சொல்லலாம்.

"இது யாருக்குடா?" என்று புரொபசர் காலையிலேயே கேட்டிருந்தார்.

"சின்ன ஸ்டூல்ல உக்காந்தா அவனுக்கு முழங்கால் தாடையில இடிக்கும். ஹாஸ்டல்லயே பார்த்திருக்கமே," என்று சொல்லிவிட்டு, உடனே சேர்த்துக்கொண்டார்: "பொதுவா, உயரமானவங்க யாராவது வந்தா உபயோகப்படும்."

உள்ளே மனைவி வாஷிங் மெஷினை நிறுத்தினார். மிக்சியின் பிளக்கைப் பிடுங்கினார். ரேடியோவை அணைத்தார். கேக்கையும் பிஸ்கட்டையும் மூடிவைத்துவிட்டு, நடுக்கூடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. வீடு இப்படி அமைதியாக இருந்து எத்தனையோ நாளாகியிருந்தது. கடிகாரம் கேட்டது. குழாய் சொட்டுவது கேட்டது. மையம் அந்தக் குழாயையும் சீர்செய்திருந்தது.

முன்தெருவில் ஒரு கார் நின்று, கதவு சாத்தப்படுகிற சத்தம்.

மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தார். சேலையைச் சரிசெய்துகொண்டார். மணி அடித்ததும் பாய்ந்து ஓடக் கூடாது, நிதானமாகப் போய்த் திறக்க வேண்டும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு நாய் இரண்டு தரம் குரைத்தது. பிறகு அதுவும் ஓய்ந்தது.

மணி அடிக்கவில்லை.

எதிர்வீட்டுக்கு வந்த காராக இருக்கும் என்று நினைத்தார். எழுந்து நாலு எட்டு வைத்தால் திரையை விலக்கிப் பார்த்துவிடலாம். எழுந்தும்விட்டார். கணவரின் முகம் நினைவுக்கு வந்தது. அங்கிக்குள்ளே இருந்த புதுச் சட்டை நினைவுக்கு வந்தது. கொடுத்த வார்த்தை. மறுபடி உட்கார்ந்தார்.

ஷெட்டில் மூன்று பொறியாளர்கள் ஆளுக்கொரு ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தபடி, மூச்சுவிடாமல் நின்றார்கள். புரொபசருக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணீரோடு அடக்கினார்.

கொஞ்ச நேரம் கழித்து முன்தெருவில் யாரோ நடந்து போகிற காலடி கேட்டது, கேட்காத மாதிரியும் இருந்தது.

பதினொன்றரைக்கு மனைவியால் பொறுக்க முடியவில்லை. ஊரில் பாதிப் பேரை மீதிப் பேரோடு இணைத்த விரல்கள் அவருடையவை. சமையலறைக்குள் போய், கணவருக்குத் தெரியாமல், ஒட்டகத்தின் எண்ணை அழுத்தினார். தொடர்பு கொள்ளும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது ஒரு பெண் குரல்.

தன் தொழிலில் அதைவிடப் பெரிய அவமரியாதை ஒன்று இருப்பதாக அவருக்குத் தெரியாது.

*

பன்னிரண்டு மணிக்குத் தலைவர் ஷெட்டிலிருந்து வந்தார். மூடிவைத்த கேக்கைப் பார்த்தார்.

"வரலை இல்ல?"

"ரோட்டுல கூட்டமா இருக்கலாம்ங்க. இன்னும் கொஞ்ச நேரம்..."

"சிக்னல்காரன். வாழ்க்கையில ஒரு நிமிஷம் லேட்டா வந்தது கிடையாது. ஹாஸ்டல்ல சாப்பாட்டு மணி அடிக்கறதுக்கு முன்னாடி தட்டோட நிப்பான்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "வரணும்னு நினைச்சிருந்தா வந்திருப்பான். வர வேண்டாம்னு நினைச்சிருக்கான்."

"நான் வேணா அந்தப் பையன்கிட்ட..."

"வேண்டாம். யாரும் யாருக்கும் போன் பண்ண வேண்டாம்."

மனைவி கையில் இருந்த போனைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

தலைவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, 'என்றும் இளமை' குழுவில் தட்டச்சு செய்யத் தொடங்கினார். வகுப்பில் அவர் எப்போதும் நிதானமாக எழுதுகிறவர். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

'நண்பர்களே! வாக்கு என்பது மனிதனின் முதுகெலும்பு. சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில் வந்து நிற்பவனே மனிதன். வாசல் தேடி வருவதாகக் கூறிவிட்டு, காத்திருந்தவர்களை ஏமாற்றியவர்களை இனி நான் நண்பர்களாகக் கருதப்போவதில்லை. பெயர் குறிப்பிட விரும்பவில்லை.'

பெயர் குறிப்பிடாததால் எல்லோருக்கும் உடனே புரிந்துவிட்டது. ரோஜாக்காரர் இரண்டு கைகளையும் கூப்பினார். வாழ்க்கை வரலாறு, இதே கருத்து தன் ஏழாவது அத்தியாயத்தில் விரிவாக வருவதாகச் சொன்னார். ஷெட்டில் நின்றபடியே வோல்டேஜ் கட்டைவிரல் போட்டார். புல்லாங்குழல் சூழ்நிலைக்கேற்ற ஒரு பதிவை அனுப்பியது.

பிறகு, ஒரு மணி சுமாருக்கு, இன்னொரு கட்டைவிரல் விழுந்தது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். போனை மனைவியிடம் நீட்டினார்.

"ஒட்டகமா இது?"

"ஆமாங்க."

"எனக்கா போட்டிருக்கான்?"

"உங்களுக்குத்தான்."

ஏழு வருடத்தில் முதல் கட்டைவிரல். மனைவி அதற்கு ஏதாவது நல்ல அர்த்தம் இருக்குமா என்று இருட்டில் சாவி தேடுவது போல் தேடினார். கிடைக்கவில்லை.

"திமிர் பாத்தியா?" என்றார் தலைவர், கோபமில்லாமல். கோபமாகச் சொல்லியிருந்தால் மனைவிக்குப் பழகிப்போயிருக்கும். "ஆமா, வரலை, என்ன இப்போங்கறான்."

அவர் ஷெட்டுக்குத் திரும்பினார். உயரமான ஸ்டூலில் வோல்டேஜ் ஏறி உட்கார்ந்து, கால் தரையில் படாமல் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அதுல உக்காராதே," என்றார் தலைவர்.

"ஏன்டா? நல்லாதானே இருக்கு."

"வார்னிஷ் காயலை."

வார்னிஷ் காய்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. வோல்டேஜ் இறங்கிக்கொண்டார். முதல் தடவையாக மூன்று பேரும் ஒரு பொருளைப் பற்றி விவாதிக்காமல் திருகுகளை மாட்டத் தொடங்கினார்கள்.

*

மகள் அதைப் பார்த்தபோது அவள் கையில் ஒரு பேருந்து ஓட்டுநரின் தோள்பட்டை இருந்தது. இறுகிப்போன தோள். மெதுவாக மேலே உயர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் போன் ஒளிர்ந்தது. கல்லூரிக் குழுவில் அப்பா போட்டதை அம்மா அப்படியே அனுப்பியிருந்தார். கீழே ஒரு வரி: 'வரவில்லை. கட்டைவிரல் போட்டிருக்கிறார்.'

"என்னம்மா, கையைப் பாதியில விட்டுட்டீங்க?" என்றார் ஓட்டுநர். "நடுரோட்ல நிக்கற மாதிரி இருக்கு."

"மன்னிச்சுக்குங்க."

"வீட்டுல ஏதாவதா?"

"இல்ல. ஒருத்தர் வரேன்னாரு, வரலை."

"வண்டி கிடைச்சிருக்காது," என்றார் அவர், தன் தொழிலுக்கு உள்ளே இருந்த காரணத்தைச் சொல்லி. "கையைக் கொஞ்சம் கீழே இறக்கிட்டு யோசிங்களேன்."

கையை இறக்கினாள். இடைவேளையில் கால்நடை மருத்துவருக்கு மூன்று தடவை போன் செய்தாள். மருத்துவமனைப் பெண்தான் எடுத்தாள். டாக்டர் ஒரு நாய்க்கு ஆபரேஷனில் இருக்கிறார், அது ஒரு சாக்ஸை விழுங்கிவிட்டது, முடிந்ததும் கூப்பிடுவார்.

தன் கல்யாணம் ஒரு நாயின் வயிற்றில் இருக்கிற சாக்ஸுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது என்பதில் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அவரிடம் அவளுக்குப் பிடித்ததே இப்படி எதற்கும் அவசரப்படாத குணம்தான். இன்றைக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. 'அவருக்கு இதில் முழு மனசு இல்லையோ, தன் அப்பா பேச்சைக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டாரோ' என்று ஒரு எண்ணம் வந்தது. அதை நாலு முழங்கால்கள், ஒரு இடுப்பு, இன்னொரு தோள் வழியாக மாலை வரை சுமந்தாள்.

வீட்டு முன்வாசல் படியேறி, பையில் சாவியைத் துழாவியபோது போன் அடித்தது.

"சாக்ஸ் வந்துடுச்சு," என்றார் அவர்.

"உங்கப்பா வரலை," என்றாள் அவள்.

"அதைப் பத்தித்தான் பேசக் கூப்பிட்டேன். இப்பதான் வீட்டுல அவரைப் பார்த்துட்டு வெளிய வந்தேன். பெட்டி கட்டிட்டிருக்காரு. அக்கா ஊருக்குப் போறாராம். நாளைக்குக் காலை ரயில். ஆறு மாசம் கழிச்சுத்தான் வருவாராம்."

"வரமாட்டேன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே. எங்கப்பா புதுச் சட்டை போட்டுட்டு உக்காந்திருந்தாரு."

"வந்தாரே."

"எங்க?"

"உங்க வீட்டுக்கு. சரியா பதினோரு மணிக்கு. அவரும் புதுச் சட்டைதான். உள்ள போய்ப் பேசிட்டிருக்கும்போது போன் அடிச்சா மரியாதையில்லைன்னு படியிலேயே போனை அணைச்சாராம். மணி அடிச்சாராம். நின்னாராம். திரும்ப அடிச்சாராம். உள்ள ஆள் இருக்காங்கன்னு தெரியுதாம், ஆனா சின்னச் சத்தம்கூட இல்லையாம். எல்லாரும் வேணும்னே மூச்சைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்காங்கன்னு நினைச்சிருக்காரு."

மகள் சாவியைத் தேடுவதை நிறுத்தினாள்.

"கதவைத் தட்டியிருக்கலாமே?"

"எங்கப்பாவா? ஆயுசு பூரா சிக்னல்ல இருந்தவரு. சிக்னல் விழலைன்னா நிப்பாரு. ரொம்ப நேரம் விழலைன்னா பின்னால போவாரு. தாண்டி ஒரு அடி வைக்க மாட்டாரு."

"அப்ப அந்தக் கட்டைவிரல்?"

"பார்க்ல போய் உக்காந்துட்டு போனைப் போட்டாராம். உங்கப்பா எழுதினது வந்திருந்துச்சாம். வாக்கைக் காப்பாத்தாதவங்களை நண்பனா நினைக்க மாட்டேன்னு. நானும் அப்ப அதையேதான் நினைச்சிட்டிருந்தேன், அதான் போட்டேங்கறாரு."

மகள் படியில் நின்றபடியே வீட்டைப் பார்த்தாள். கூடத்தில் விளக்கு எரிந்தது. திரை காலையில் இழுத்துவிட்டபடியே இருந்தது. ஒரு ஓரமாக விலகியிருந்த இடத்தில், நடுவில் இழுத்துப்போட்ட நாற்காலியில், தெருவுக்கு முதுகைக் காட்டியபடி அம்மா உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. சந்துப் பக்கத்திலிருந்து, ஷெட்டிலிருந்து, குரல்கள் வந்தன.

"எல்லாத்தையும் மாட்டியாச்சுன்னா இந்தத் திருகு எங்கேருந்துடா வந்தது?"

"அது கூடுதல். கம்பெனிக்காரன் எப்பவும் ஒண்ணு கூடுதலாத்தான் போடுவான்."

"டேய், சூடாகுதுடா!" இது வோல்டேஜ், குரல் ஏறியிருந்தது. பிறகு, இறங்கிய குரலில்: "கைப்பிடிதான் சூடாகுது."

அப்பாவின் குரல் மட்டும் வரவில்லை.

"இருக்கியா?" என்றார் போனில் அவர்.

"ஒரு நிமிஷம் இரு."

இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். சாவி கையில் இருக்கிறவர்களுக்குத் தங்கள் வீட்டு மணியை அடிக்க வேண்டி வருவதில்லை. கதவுக்குப் பக்கத்தில், பளபளவென்று துடைத்த பித்தளைத் தகட்டின் நடுவே, அந்தப் பொத்தான் இருந்தது. சுற்றிலும் நாலு திருகுகளுக்கு இடம்; மூன்றுதான் இருந்தன.

விரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். இன்னொரு முறை, நீளமாக அழுத்தினாள்.

கூடத்தில் அம்மா தலையைத் திருப்பவில்லை. பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

மணி அடிக்கவில்லை. மையம் அதைச் சீர்செய்து மாட்டி ஒரு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் அது நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.